கடிப்பது உண்ணி இல்லை

மழைக்காலம் முடிந்து பனி இறங்க ஆரம்பித்தால் பேப்பரில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று செய்தி வரும். ஸ்க்ரப் டைபஸ் என்று டாக்டர்கள் சொல்வதைத்தான் இப்படிப் போடுகிறார்கள். இந்தப் பெயரால் ஒரு சிக்கல். உண்ணி என்றதும் சனங்கள் மாட்டு மடியையும் நாய்க் காதையும் தடவிப் பார்த்துவிட்டு, “நம்ம வீட்டுல உண்ணியே இல்லப்பா”னு நிம்மதியாகிவிடுகிறார்கள்.

கடிப்பது உண்ணி இல்லைங்க. கத்தரி இலையை வெளுக்க வைக்கிற செஞ்சிலந்தி, தேங்காயைச் சொரசொரப்பாக்குகிற ஈரியோபைட் சிலந்தி, அந்த வகையறா. அதிலும் குஞ்சு மட்டும்தான் கடிக்கும். கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த ஒரு தடவை கடிப்பதோடு சரி, பிறகு மண்ணுக்குள்தான் வாழ்க்கை. வழக்கமாக எலி மேல் ஏறும். புதரில் நாம் போய் உட்கார்ந்தால் நம் மேல் ஏறும். தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வந்துவிட்ட ஒரு பாக்டீரியா, கடிவாய் வழியாக நமக்குள் போகிறது. ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல்.

இதை முதலில் கண்டுகொண்டவர்கள் விவசாயிகள்தான். ஜப்பானில் ஷினானோ, மொகாமி, ஒமோனோ ஆற்றங்கரைகளில், வெள்ளம் வடிந்த நிலத்தில் கோடையில் வேலைக்குப் போனவர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். ‘அகாமுஷி’, அதாவது சிவப்புப் பூச்சி கடித்தால் வருகிறது என்று அவர்களே சொன்னார்கள். நாம் அம்மைக்கு மாரியம்மனைக் கும்பிட்ட மாதிரி, அங்கே இந்தப் பூச்சிக்குக் கோயில் எழுப்பியிருக்கிறார்கள். அவர்கள் வைத்த ‘சுட்சுகாமுஷி’ என்ற பெயர்தான் இன்றைக்கும் அந்தப் பாக்டீரியாவின் அறிவியல் பெயரில் இருக்கிறது.

1920களில் மலாயா. காட்டை அழித்து எண்ணெய்ப் பனை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களில் நம்மவர்கள் ஏராளம். டவுனில் வரும் டைபஸ் வேறு, தோட்டத்தில் வரும் டைபஸ் வேறு என்று கோலாலம்பூரில் இருந்த ஃபிளெட்சர் என்ற டாக்டரும் அவரோடு இருந்தவர்களும் பிரித்துக் காட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மா காட்டுக்குள் போன பட்டாளத்தை இது படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. அப்போது மருந்தே கிடையாது.

மருந்து வந்தது 1948இல், அதே கோலாலம்பூரில். ஸ்மாடல் என்ற அமெரிக்க டாக்டரின் குழு குளோராம்பெனிகால் கொடுத்துப் பார்த்தது. 25 பேருக்குக் கொடுத்தார்கள், அத்தனை பேரும் பிழைத்தார்கள். பின்னால் டாக்ஸிசைக்ளின் வந்தது. மாட்டுக்குப் போடுகிறோமே ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசி, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. விலையும் மலிவு. பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.

மருந்து வந்ததும் நோய் மறந்துபோனது. அதுதான் வினை. இந்தியாவில் பல வருஷம் யாரும் இதைத் தேடவே இல்லை. 2000ஐ ஒட்டிய வருஷங்களில்தான் வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள், குளிர் மாதங்களில் வரும் ‘என்னவென்று தெரியாத’ காய்ச்சல்களில் இது இருப்பதை எடுத்துச் சொன்னார்கள்.

மறந்ததற்குப் பெரிய விலை கொடுத்தது கோரக்பூர். உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மூலையில், 1978இலிருந்து மழைக்காலத்தில் பிள்ளைகள் மூளைக்காய்ச்சலில் சாவது வாடிக்கை. 2005இல் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். அது வைரஸ், அதற்கென்று மருந்து இல்லை. 2006இல் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். அந்த வைரஸ் குறைந்தது, பிள்ளைகள் சாவது நிற்கவில்லை. பத்து வருஷம் கழித்து, சென்னையில் இருக்கிற தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் மற்றவர்களும் சோதித்தபோது, பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளின் ரத்தத்தில் ஸ்க்ரப் டைபஸின் தடயம். வயல்காட்டில் விளையாடின பிள்ளைகள்! 1948லிருந்து மருந்து இருக்கிற நோய். காய்ச்சல் மூளைக்கு ஏறும் முன்பே மாத்திரை கொடுங்கள் என்று அதன் பிறகுதான் ஏற்பாடு செய்தார்கள்.

பிள்ளைகளிடம் இதைக் கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம்? கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு ஒன்று இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் பிள்ளை சொல்லாது. இருக்கிற இடமும் அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால், முடிக்குள். சில பேருக்கு அதுவும் இருக்காது. ரத்தப் பரிசோதனை முதல் வாரத்தில் பிடிபடாமல் போகலாம். வழக்கமாகப் போடும் பென்சிலின் வகை ஊசிகள் கேட்காது. இந்தக் கிருமி நம் செல்லுக்குள்ளேயே குடியிருப்பது. இதோடு, டெட்ராசைக்ளின் வகை மருந்து கொடுத்தால் பல் கறுத்துவிடும் என்ற பழைய பயம் வேறு. குறுகிய காலம் கொடுக்கும் டாக்ஸிசைக்ளினால் அப்படி ஆவதில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. அசித்ரோமைசினும் இருக்கிறது.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் பேத்தி லீவுக்கு வந்துபோனவள், ஊருக்குத் திரும்பியதும் காய்ச்சல். அஞ்சு நாள் ஊசி போட்டும் இறங்கவில்லை. ஆறாம் நாள் ஒரு நர்ஸம்மா கையைத் தூக்கிப் பார்த்தார். அக்குளில் மிளகு அளவுக்குப் பொருக்கு. மருந்தை மாற்றினார்கள், பிள்ளை எழுந்து உட்கார்ந்தது.

அதனால் சொல்கிறேன். பொங்கலுக்கு ஊருக்குக் கூட்டிவாங்க, பிள்ளைகள் வரப்பில் ஓடட்டும். புதருக்குள், உயர்ந்த புல்லில் உட்கார விடாதீங்க. வீடு வந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்க வைத்து, துணியைத் துவைத்துவிடுங்க. மூணு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் உச்சி முதல் உள்ளங்கால் வரை பாருங்க. டாக்டரிடம் “பிள்ளை தோட்டத்துல விளையாடினா”னு நீங்களே சொல்லுங்க. அவர் கேட்க மறந்தாலும் நீங்க சொல்லிடணும்.