ஆலங்காட்டு ஆடலும் கூத்துப் பள்ளியும்

திருவாலங்காட்டுத் தலபுராணத்தில், சிவனோடு ஆடிய போட்டியில் காளி தோற்பது ஆடலில் குறைந்ததால் அல்ல. சிவன் காலைத் தலைக்குமேல் தூக்கியபோது நாணம் அவளைத் தடுத்தது, அவ்வளவுதான். அதே தலத்தில், அழகைத் துறந்து பேயுருக் கொண்ட காரைக்கால் அம்மையார் ஆடும் திருவடியின் கீழிருந்து பாடினார். அரங்கில் பெண்ணுடல் என்ன செய்யலாம் என்ற கேள்வி இந்த மண்ணில் அத்தனை பழையது. வடதமிழகத்து நாடக மரபான கட்டைக்கூத்து அதற்கு நெடுங்காலம் தந்த விடை ஒன்றே: திரௌபதி வேடத்தையும் ஆணே கட்டினான். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை இயங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம் அந்த விடையை மாற்றியது. கூத்துக் குடும்பத்தில் பிறந்த பெருங்கட்டூர் ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் நடத்திய அப்பள்ளியில், கிராமத்து எளிய வீட்டுப் பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளோடு பாடமும் கூத்தும் சேர்த்தே படித்தார்கள்.

பள்ளிக்கூடம் மரபைக் கெடுத்துவிடும் என்பார்கள். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. விடிய விடிய ஆடும் ஜமா என்னும் கூத்துக் குழுவுக்குள் வளர்ந்து பெறும் தேர்ச்சியை மணி அடிக்கும் வகுப்பு முழுதாகத் தராது. ஆனால் அந்த ஜமாவின் கதவு பெண்ணுக்குத் திறந்ததில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். கலை நீதி பேசினால் பிரசாரமாகும் என்ற மறுப்போ கூத்திடம் நிற்காது. துகிலுரிதலில் திரௌபதி சபையைப் பார்த்து நியாயம் கேட்கிறாள்; வாதம் கதைக்குள்ளேயே இருக்கிறது. அதை ஒரு பெண்ணின் குரலே கேட்கும்போது, எதிரே பாயில் அமர்ந்திருக்கும் ஊரும் அந்தச் சபையாகிவிடுகிறது.