பேசாத கைரேடியோவை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அப்போது நம் கூட்டேரிப்பட்டை ஒட்டியுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. இப்படிப்பட்ட நாளில் கரண்ட் போய், செல்போன் சார்ஜும் தீர்ந்துவிட்டால் வெளிச் செய்தி கேட்க நமக்கு மிஞ்சுவது பேட்டரியில் ஓடும் சிறிய ரேடியோதான். பல வீடுகளில் அது "கெட்டுப்போச்சு" என்று பரணில் கிடக்கிறது. ஆனால் பெரும்பாலும் கோளாறு ரேடியோவின் உள்ளே இருப்பதில்லை; பேட்டரியிலிருந்து மின்சாரம் உள்ளே போகும் வழியில்தான் இருக்கும். கீழ்க்கண்ட வரிசையில் பார்த்தால் நாமே கண்டுபிடித்துவிடலாம்.

1. பேட்டரி

பிளஸ், மைனஸ் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய பேட்டரியோடு புதியதைக் கலந்து போடாதீர்கள். மல்டிமீட்டர் இருந்தால், ரேடியோவை ஆன் செய்த நிலையில் அளக்க வேண்டும். புதிய பேட்டரி ஒன்று சுமார் 1.5 வோல்ட் காட்டும், 1.1க்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடுங்கள். செல்போன் வகை லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. வேறு பேட்டரிதான் போட வேண்டும்.

2. தகடும் ஸ்பிரிங்கும்

பேட்டரியைப் பல மாதம் உள்ளேயே விட்டுவைத்தால் கசிந்து, வெள்ளை அல்லது பச்சைப் பொடி படியும். அந்தப் பொடி மின்சாரத்தைத் தடுக்கும். கையுறை போட்டு, காதுகுடையும் பஞ்சுக்குச்சியில் சிறிது வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடையுங்கள். பிறகு ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். துரு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். படுத்துப்போன ஸ்பிரிங்கைச் சற்று இழுத்துவிடுங்கள்.

3. அடாப்டர், இயர்போன் துளைகள்

பல ரேடியோக்களில் அடாப்டர் பின்னைச் செருகியதும் பேட்டரி இணைப்பு தானாகத் துண்டிக்கப்படும். இயர்போன் செருகினால் ஸ்பீக்கர் நின்றுவிடும். துளைக்குள் உள்ள சிறு தகடு அப்படியே ஒட்டிக்கொண்டால் ரேடியோ பேசாது. கரண்டில் இணைக்காத பின்னை பத்துப் பதினைந்து முறை செருகி எடுத்துப் பாருங்கள்.

4. வால்யூம் திருகு

ஆன், ஆஃப் சுவிட்ச் பெரும்பாலும் இதிலேயே இருக்கும். தூசி படிந்தால் கரகரக்கும் அல்லது ஆன் ஆகாது. இருபது முப்பது முறை முழுவதுமாகத் திருப்புங்கள். சரியாகாவிட்டால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரைச் சிறிது அடியுங்கள்.

5. திறந்து பார்த்தல்

அடாப்டரைக் கழற்றி, பேட்டரியையும் எடுத்த பிறகே திறக்க வேண்டும். 230 வோல்ட் கரண்ட் நேராக உள்ளே செல்லும் ரேடியோவை வீட்டில் திறக்கவே வேண்டாம். கீழே விழுந்த ரேடியோ என்றால் பேட்டரி ஒயர் அல்லது ஸ்பீக்கர் ஒயர் அறுந்திருக்கலாம். சால்டர் வைத்தால் சரியாகிவிடும். ஸ்பீக்கரைச் சோதிக்க அதன் இரு முனைகளையும் 1.5 வோல்ட் பேட்டரியில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். "டிக்" சத்தம் வந்தால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது. சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு நிறம் பூசிய சிறு திருகுகளைத் தொடாதீர்கள். அவற்றைத் திருப்பினால் நிலையங்கள் சரியாக எடுக்காது.

6. இரைச்சல் மட்டும் வந்தால்

இரைச்சல் கேட்டால் மின்சாரமும் ஸ்பீக்கரும் சரி என்று பொருள். எஃப்.எம். கேட்க ஏரியலை முழுதாக நீட்டுங்கள். மீடியம் வேவ் ஏரியல் ரேடியோவுக்குள் கம்பியாக இருப்பதால், ரேடியோவையே மெல்லத் திருப்ப வேண்டும். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸை வைத்துப் பாருங்கள். எல்.இ.டி. பல்பும் செல்போன் சார்ஜரும் இரைச்சல் தரும். அவற்றை அணைத்துவிட்டு ஜன்னல் அருகே வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பேசவில்லை என்றால் மெக்கானிக்கிடம் கொடுங்கள். எதையெல்லாம் பார்த்தீர்கள் என்று சொன்னால் அவருக்கு வேலை பாதியாகக் குறையும்.

சரியான ரேடியோவை எடுத்துவைக்கும்போது பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன் ஒருமுறை போட்டுப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நிலையம் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். புயல் இரவில் இருட்டில் அதை இயக்கப்போவது அவர்களாகவும் இருக்கலாம்.