கரியும் துரும்பும்

நம் ஊருக்கு வரும் விருந்தினருக்கு ராஜகிரியையும் கல்யாண மகாலையும் காட்டுகிறோம். சக்கரக்குளத்தின் அருகேயுள்ள கைதிகள் கிணற்றைக் காட்டுவோர் சிலரே. தோண்டிய கிணறன்று அது. பெரும்பாறையில் அமைந்த துளை. தண்டனை பெற்றோரை அதில் தள்ளிப் பட்டினியால் சாகவிட்டனர் என்பது வழிவழிச் செய்தி. அவர்கள் யார், என்ன குற்றம் செய்தனர் என்று அவர்கள் கைப்பட எழுதிய ஒரு வரியும் நம்மிடம் இல்லை.

ஆனால் வேறொரு சிறையிலிருந்து அத்தகைய வரிகள் நமக்குக் கிடைத்துள்ளன. எழுதியவர் புனித அருளானந்தர். 1647-இல் லிஸ்பன் நகரில் பிறந்து, 1674-இல் மதுரை மிஷனுக்கு வந்தவர். அவர் தொடக்க காலத்தில் உழைத்த பகுதிகளில் நம் செஞ்சி நாடும் ஒன்று என்பது நமக்குப் பெருமை.

1693 ஜனவரி 8-ஆம் நாள் அவர் மறவர் நாட்டில் கைதானார். தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று, முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவினர். அதுவே அரசரின் சினத்துக்குக் காரணம். எனினும் மக்கள் கொதித்தெழக்கூடும் என்று அஞ்சிய அரசர், வெளியே சொன்னது நாடுகடத்தல் என்று. ஓரியூரில் இருந்த தம் தம்பிக்கு மறைவாக அனுப்பியதோ கொலைக் கட்டளை. அந்நாளில் நம் கோட்டையும் முகலாயப் படையின் முற்றுகையில் சிக்கியிருந்தது. 1690-இல் தொடங்கிய அம்முற்றுகை 1698 வரை நீடித்தது.

ஓரியூர்ச் சிறையில் அருளானந்தருக்கு மையில்லை, எழுதுகோலில்லை. கரியை நீரில் கரைத்தார். ஒரு துரும்பை அதில் தோய்த்தார். பிப்ரவரி 3-ஆம் நாள் லாய்னஸ் சுவாமிக்குக் கடிதம் எழுதினார். தம்மேல் சாட்டப்பட்ட குற்றம் வேதம் போதித்தது ஒன்றே என்றும், அதை மறுக்காமல் ஏற்றதாகவும் தெரிவித்தார். காவலர் கண் தம் மேலேயே இருந்ததால் சுருக்கமாக முடித்தார். மறுநாள் திருநீற்றுப் புதன். அன்று அவர் தலை வெட்டப்பட்டது. 1947 ஜூன் 22-ஆம் நாள் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

காவலர் கையில் ஈட்டியும் வாளும் இருந்தன. கைதியின் கையில் இருந்ததோ எந்த அடுப்பிலும் கிடைக்கும் கரி. எந்தக் களத்திலும் கிடக்கும் துரும்பு. அவர் காவலரோடு மல்லுக்கு நிற்கவில்லை, ஓடவும் முயலவில்லை. உண்மையை மட்டும் எழுதி வைத்தார். அரசரின் மறைவான கட்டளை அவர் உயிரைப் பறித்தது; அவர் சாட்சியத்தைப் பறிக்க அதனால் இயலவில்லை.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பர் நம் பெரியோர். ஓரியூரில் அது சாட்சி சொல்லவும் உதவியது. யூபிலி கொண்டாடும் நாமும் நம் முன்னோரின் பழைய கடிதங்களையும் குறிப்பேடுகளையும் குப்பையென எறியாமல் காப்போமாக!