டோரா எண்டால் எந்த டோரா?

வல்வெட்டித்துறையில் நாற்பது வயதைத் தாண்டின ஆரைக் கேட்டாலும், போர்க்காலக் கடலைப் பற்றிக் கதைக்கும்போது ஒரு சொல் கட்டாயம் வரும்: டோரா. "டோரா நிக்குது, தொழிலுக்குப் போகேலாது." "டோரா அடிக்குது, பங்கருக்குள்ள இறங்குங்கோ." கடலில் சாம்பல் நிறத்தில் எது நின்றாலும் அதற்குப் பெயர் டோராதான். ஆனால் அந்தப் படகை ஒரு மாதிரியாகச் செய்ய வெளிக்கிட்டால் முதல் கேள்வியிலேயே மாட்டுப்படுவோம். எந்த டோரா?

உருவம் செய்வது இந்த ஊருக்குப் புதிதில்லை. தைப்பொங்கலுக்கு கடற்கரையில் ஏறும் விசித்திரப் பட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் பட்டம் வானத்தில் நின்றால் போதும். வரலாற்று மாதிரி ஒரு திகதிக்குப் பதில் சொல்லவேண்டும்.

உண்மையான டோரா இஸ்ரேலில் கட்டப்பட்டது. எபிரேய மொழியில் அந்தச் சொல்லுக்குத் தேனீ என்று பொருள். நீளம் ஏறத்தாழ 21.6 மீற்றர். ஆரம்பத்தில் அதிலிருந்த முக்கிய ஆயுதம் 20 மி.மீ. பீரங்கிகள். இலங்கைக் கடற்படைக்கு அது வந்தது 1980களின் நடுப்பகுதியில். அதற்கு முன்னரே, 1972 இல், சீனாவிலிருந்து ஷாங்காய் வகைப் பீரங்கிப் படகுகள் வந்துவிட்டன. அவை 38.8 மீற்றர் நீளம். இரட்டைக் குழல் 37 மி.மீ. பீரங்கிகள் கொண்டவை. கரையிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் சாம்பல் நிறப் புள்ளிதான். 1:72 அளவில் செய்தால் டோரா 30 சென்ரிமீற்றர், ஷாங்காய் 54 சென்ரிமீற்றர். மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒருவரும் குழம்பமாட்டார்கள்.

இன்னொன்றையும் அதே மேசையில் வைத்துப் பாருங்கள். 1930 அளவில் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை பாய்விரித்துப் போன அன்னபூரணி 89 அடி நீளம். 1:72 இல் அது 38 சென்ரிமீற்றர் வரும். எங்கட ஊர் மேஸ்திரிமார் வேம்பில் கட்டிய கப்பல் டோராவைவிட நீளமானது! பயம் ஒரு படகை எவ்வளவு பெரிதாக்கிக் காட்டும் என்பது இந்த ஒப்பீட்டில்தான் விளங்கும்.

1980களின் கடைசியில் சுப்பர் டோரா வந்தது. 1990களில் அதன் அடுத்த வடிவம். 2000 இல் ஷால்டாக். அதன் பெயருக்கு மீன்கொத்தி என்று பொருள். ஷால்டாக் நீரைப் பீய்ச்சி ஓடுவது. அதன் அடியில் காற்றாடி வைத்து ஒட்டினால் பிழை. தூரத்திலிருந்து இயக்கும் 'டைபூன்' பீரங்கியும் பிற்காலத்துச் சாமான். அதை 1987 ஆம் ஆண்டு டோராவின் முன்பக்கத்தில் பொருத்தினால், பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் அப்படியொரு படகு அந்த வருசத்தில் இல்லை.

கப்பல்களின் ஆயுளையும் கவனிக்கவேண்டும். ஷாங்காய் வகையைச் சேர்ந்த சூரயா, 1995 ஏப்ரல் 19 அன்று திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்புலிகளின் தாக்குதலில் மூழ்கியது. 1997 ஆம் ஆண்டுக் காட்சி ஒன்றில் அதை வைக்கேலாது. 1990 ஜூலை 10 அன்று வல்வெட்டித்துறைக்கு அப்பால் தாக்கப்பட்ட எடித்தாரா டோராவே இல்லை. வணிகக் கப்பலாக இருந்து கடற்படைக் கட்டளைக் கப்பலாக மாற்றப்பட்டது. 1987 முதல் 1990 வரை அந்தக் கடலில் நின்றது இந்தியக் கடற்படையின் கலமாகவும் இருந்திருக்கலாம்.

சரி, ஒரு பொம்மைப் படகுக்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?

ஒரு அம்மம்மா, "எண்பத்திமூண்டுக்கு முதலே டோரா வந்து கரையில நிண்டது" எண்டு சொல்லுறா என்று வைப்போம். இஸ்ரேல் டோரா அப்போது இலங்கையில் இல்லை. அவவின் முழுச் சாட்சியத்தையும் பொய்யென்று தள்ளிவிட ஒருவருக்கு இது போதும். ஆனால் 1972 முதல் சீனப் படகுகள் இருந்தன என்று தெரிந்தவருக்கு விசயம் விளங்கும். அவ கண்ட படகு உண்மை. பின்னர் ஊர் முழுக்கப் பரவிய பெயரை முன்னர் கண்ட படகுக்கும் வைத்திருக்கிறா, அவ்வளவுதான். படகின் வகையை ஆராய்வது பெரியவர்களைத் திருத்துவதற்காக இல்லை. அவர்கள் சொன்னதை மற்றவர்கள் தட்டிக்கழிக்காமல் காப்பதற்காக.

ஆகவே மாதிரி செய்யப் போகிறவர்கள் படத்தை நீட்டி "இதுதானே?" என்று கேட்காதீர்கள். படம் ஞாபகத்தை மாற்றிவிடும். முதலில் அளவைக் கேளுங்கள்: எங்கட மீன்பிடிப் படகு எத்தனையை வரிசையாக விட்டால் அந்த நீளம் வரும்? பீரங்கி முன்னுக்கா, பின்னுக்கா, இரண்டு பக்கமுமா? பாய்ந்து பாய்ந்து ஓடினதா, தண்ணியை வெட்டிக்கொண்டு போனதா? வருசம் கேட்டால் பலருக்கு ஞாபகம் வராது. வடமராட்சி ஒப்பரேசனுக்கு (1987) முன்னமா, 89 படுகொலைக்குப் பிறகா என்று கேட்டால் உடனே சொல்வார்கள். பிறகு அந்தக் காலத்துப் புகைப்படங்களோடு ஒப்பிடுங்கள்.

கடற்புலிகளின் படகுகளைச் செய்தாலும் இதே விதிதான். எங்களுக்குப் பிடித்த பக்கம் என்பதற்காக எஞ்சின் ஒன்றைக் கூட்டவும் கூடாது, பிடிக்காத பக்கம் என்பதற்காகப் பீரங்கியை ஊதிப் பெருப்பிக்கவும் கூடாது.

செய்து முடித்ததும் அடிப்பலகையில் நாலு வரி எழுதுங்கள்: படகின் வகை, வருசம், இடம், எந்தப் பகுதி ஊகம். ரெஜிபோமில் செய்தாலும் பரவாயில்லை. 2009 க்குப் பிறகு பிறந்த ஒரு பிள்ளை, டோரா என்ற சொல்லை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை, அந்த நாலு வரியைத்தான் நம்பப்போகுது.