வாரியோடு நடந்த மூன்று பெண்கள்

ப்ராக் நகரத்தின் லோப்கோவிட்ஸ் அரண்மனையில் ஓர் ஓவியம் இருக்கிறது. பீட்டர் ப்ரூகல் 1565-ல் வரைந்தது. புல் அறுப்புக் காலம். முன்புறத்தில் மூன்று பெண்கள் மரவாரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்து போகிறார்கள். மூவரில் ஒருத்தி நம்மையே பார்க்கிறாள். இடது ஓரத்தில் ஓர் ஆண் உட்கார்ந்து நீண்ட பிடி போட்ட அரிவாளைத் தட்டித் தட்டிப் பதமாக்குகிறான். இதற்கு நூற்றைம்பது வருஷம் முன்னால், பெர்ரி பிரபுவுக்காக லிம்பூர்க் சகோதரர்கள் வரைந்த பிரார்த்தனைப் புத்தகத்தின் ஜூன் மாதப் பக்கத்திலும் இதே ஏற்பாடுதான். ஆண்கள் அறுக்கிறார்கள், பெண்கள் வாரிச் சேர்க்கிறார்கள்.

இன்றைக்குப் புல்வாரி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, ஒரு மணி நேரத்தில் எத்தனை ஏக்கர் வாரும் என்பதைத்தான். அந்தப் பெண்களிடம் கேட்டிருந்தால் பேச்சு வேறு இடத்தில் ஆரம்பித்திருக்கும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடணும். நமக்குத் தெரிந்தது வைக்கோல். நெல்லை எடுத்தபின் மிஞ்சுவது, சத்தில் பெரும்பகுதி மணிக்குப் போய்விட்ட தாள். அங்கே சொல்லும் 'ஹே' வேறு. தீவனத்துக்காகவே புல்லை வளர்த்து, சத்து விதைக்குள் ஏறும் முன்பே அறுத்து, வயலிலேயே காயவைத்துச் சேமிப்பது. நம் வேளாண் புத்தகங்களில் உலர்புல். பனி மூடிய மாதங்களில் மாடு உயிரோடு இருப்பது அதை நம்பித்தான்.

அறுத்த பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கும் மேல் தண்ணீர். அதை 15 முதல் 20 சதவீதத்துக்கு இறக்கணும். நடுவில் மழை வந்தால் சத்து கரைந்து போகும். ஈரத்தோடு அடுக்கினால் உள்ளே நுண்ணுயிர்கள் சூட்டைக் கிளப்பும். 65, 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் போர் தானாகவே தீப்பிடிக்கலாம், கொட்டகையோடு சேர்த்து. அதுக்குப் பயந்து ரொம்பக் காயவிட்டாலோ வாரும்போது இலை உதிர்ந்துவிடும். குதிரை மசாலில் புரதத்தின் பெரும்பகுதி இலையில்தான். மாட்டுக்கு மிஞ்சுவது வெறும் குச்சி. நாம் காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்கிறோம். ஆங்கிலத்தில் அதே புத்திமதி வெயிலையும் புல்லையும் வைத்துச் சொல்லப்படுகிறது. எந்த ஊரில் எதை நம்ப முடியாதோ அதுதான் பழமொழியாகிறது போல.

மரவாரி எளிமையான கருவி. நீளக் கழி, குறுக்கே ஒரு கட்டை, அதில் அடித்த முளைக்குச்சிகள்தான் பற்கள். நாளெல்லாம் தூக்கி வீச வேண்டியது என்பதால் எடை குறைவு. மரப்பல் மண்ணைக் கிளறாது. கல்லில் மாட்டினால் பல்தான் முறியும், ராத்திரி புதுசாய்ச் செதுக்கிக்கொள்ளலாம். பகலில் புல்லைப் பரப்பிப் புரட்டி, பனி இறங்கும் முன் சிறு சிறு குவியலாக்கி, காலையில் மறுபடி கலைத்துப் பரப்பணும். எந்த இடம் இன்னும் ஈரம், எது போதும் என்பதைக் கைதான் சொன்னது. கூலி மட்டும் அரிவாள் பிடித்தவனைவிடக் குறைவு.

1820-களில் அமெரிக்காவில் குதிரை இழுக்கும் மரவாரி பரவியது. இரண்டு பக்கமும் பல் வைத்த பெரிய சீப்பு. ஒரு பக்கம் நிறைந்ததும், பின்னால் நடப்பவர் பிடியைத் தூக்கினால் குட்டிக்கரணம் போட்டு மறுபக்கம் வாரத் தொடங்கும். அப்புறம் வளைந்த எஃகுப் பற்களும், இரண்டு சக்கரமும், உட்கார இருக்கையும் வந்தன. 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர். ஆண்கள் போர்முனைக்குப் போக, அறுக்கும் இயந்திரமும் குதிரைவாரியும் ஏராளமாக விற்றன. பெண்களும் பையன்களும் அந்த இருக்கையில் ஏறினார்கள். குதிரை மிரண்டு ஓடி, இருக்கையிலிருந்து பற்களுக்கு முன்னால் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வேகம் வந்தது உண்மை. ஆனால் எஃகுப் பல் தரையைச் சுரண்டியது. புல்லோடு மண்ணும் சருகும் சேர்ந்து முறுக்கிக்கொண்டது.

பக்கவாட்டில் தள்ளும் வாரி இதைக் கொஞ்சம் சரிசெய்தது. சாய்வாக ஓடும் பல்வரிசை புல்லை மெதுவாக உருட்டி ஓரத்தில் நீள வரிசையாக விடும். இலை பெரும்பாலும் உள்பக்கம் போகும், தண்டு வெளியே நிற்கும். என் கணக்கில் இந்த வரலாற்றின் புத்திசாலியான கண்டுபிடிப்பு இதுதான்.

ஆனால் சந்தையைக் கலக்கியது வேறொன்று. 1948-ல் நெதர்லாந்தில் வான் டெர் லேலி சகோதரர்கள் விரல்சக்கர வாரியைக் கொண்டுவந்தார்கள். விளிம்பைச் சுற்றிக் கம்பி விரல்கள் நீட்டிய சக்கரங்கள், குழந்தை வரைந்த சூரியன் மாதிரி. பல்சக்கரம், செயின், மோட்டார் எதுவும் கிடையாது. இழுத்துக்கொண்டு போனால் தரையில் உரசித் தானே சுற்றும், அவ்வளவுதான். மலிவு, வேகம், பழுதாக அதிகம் ஒன்றுமில்லை. (இன்றைக்கு லேலி என்றால் பால் கறக்கும் ரோபோதான் ஞாபகம் வரும். அந்த நிறுவனம் இந்தச் சூரியனிலிருந்துதான் கிளம்பியது.)

அதன் பலமே அதன் குறையும். சுற்றுவதற்குத் தரையைத் தொட்டே ஆகணும், தொட்டால் மண் வரும். தீவனத்தை எரித்து மிஞ்சும் சாம்பலை அளப்பார்கள். புல்லுக்கு 6, குதிரை மசாலுக்கு 8 சதவீத அளவில் இயற்கையாகவே இருக்கும். அதற்கு மேலே போவதெல்லாம் பெரும்பாலும் வயல் மண். மாட்டுக்கு அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. மண்ணோடு கிளாஸ்ட்ரிடியம் வித்துகளும் வரும். அவை பால்வழியாகப் பாலாடைக்கட்டிக்குள் புகுந்து, மாதக்கணக்கில் முதிரவைத்த கட்டியை உள்ளுக்குள் ஊதிப் பிளக்கவைக்கும். பல் முறிந்தால் இன்னொரு தொல்லை. மாடு கம்பித் துண்டை மென்று பார்த்துத் துப்பாது, அப்படியே விழுங்கும். அது இரண்டாம் வயிற்றறையில் தங்கி, குத்திக்கொண்டு இதயம் வரை போகலாம். அதுக்காகவே பல பண்ணைகளில் மாட்டுக்கு ஒரு காந்தத்தை விழுங்கக் கொடுக்கிறார்கள். ஆயுள் முழுக்க அது வயிற்றிலேயே கிடக்கும்.

டிராக்டரின் விசையில் சுழலும் வாரியைத் தரையில் உரசாத உயரத்துக்கு வைக்கலாம், விலைதான் பல மடங்கு. புல்லைத் தூக்கிப் பட்டையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் இயந்திரத்தின் விலை அதற்கும் மேலே. காய்ந்த புல்லை இறைச்சி மாட்டுக்குப் போடும் சின்னப் பண்ணைக்கு விரல்சக்கரம் போதும், அதில் தப்பில்லை. கறவை மாட்டுக்குக் குதிரை மசால் போடுகிறவர் வேகத்தைப் பார்த்து அதை வாங்கினால், மிச்சம் பிடித்த பணத்தைத் தீவனக் கடையில் புரதமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும்.

எந்த வாரியாக இருந்தாலும் நேரம் தப்பினால் வீண். 40 சதவீத ஈரத்துக்குக் கீழே காயக் காய உதிர்வு கூடிக்கொண்டே போகும். அமெரிக்காவின் வறண்ட மேற்குப் பகுதியில் குதிரை மசால் வாருவது பெரும்பாலும் இருட்டிலும் விடிகாலையிலும்தான். பனியில் இலை கொஞ்சம் துவளும் நேரத்துக்குக் காத்திருந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு டிராக்டரை இறக்குகிறார்கள். ஈரம் அளக்கும் கருவி கையில் இருந்தாலும், நடுவில் வண்டியை நிறுத்தி இறங்கி, ஒரு பிடி அள்ளி முறுக்கிப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.