சின்னப் பிள்ளையும் இல்ல... பெரியவங்களும் இல்ல... டீன் ஏஜ்ல படிக்க 7 தமிழ்ப் புத்தகங்கள்!

புத்தகக் கண்காட்சிக்குப் போறீங்க. ஒரு ஸ்டாலில் சிங்கமும் முயலும் பேசிக்கொள்ளும் படக்கதைகள். பக்கத்து ஸ்டாலில் தலையணை சைஸில் நாவல்கள். முதலாவதை எடுத்தால், ‘இன்னும் நீ குழந்தையா?’ என்று தம்பியே கலாய்ப்பான். இரண்டாவதைத் தொட்டால், ‘இதெல்லாம் உனக்குப் புரியாது’ என்பார் அப்பா. கடைசியில் டெல்லி அப்பளம் மட்டும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துடுவீங்க. சரிதானே?

ஆங்கிலப் புத்தகக் கடைகளில் ‘யங் அடல்ட்’ என்று தனி ஷெல்ஃபே இருக்கும். தமிழில் அந்த போர்டைப் பார்ப்பது அரிது. ஆனால் போர்டுதான் இல்லையே தவிர, உங்க வயசுக்காரங்களின் கதைகள் இங்கே நிறையவே இருக்கு. அதில் ஏழு இதோ. எளிதானதில் தொடங்கி கனமானது வரை வரிசைப்படுத்தியிருக்கோம்.

1. ஆதனின் பொம்மை - உதயசங்கர்

கீழடியை மையமாக வைத்து எழுதப்பட்ட இளையோர் நாவல். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ‘ஆதன்’ என்ற பெயர் கீறப்பட்டிருந்ததைப் படிச்சிருப்பீங்க. பாடப்புத்தகத்தில் இரண்டு மார்க் கேள்வியாக இருக்கும் விஷயம், இங்கே ஒரு பையனாக உயிரோடு வந்து நிற்கிறது. 2023-ம் ஆண்டுக்கான பால சாகித்ய புரஸ்கார் விருது பெற்ற புத்தகம். கதை படிச்சே ரொம்ப நாளாச்சு என்பவர்கள் இங்கே ஆரம்பிக்கலாம்.

2. மரப்பாச்சி சொன்ன ரகசியம் - எஸ்.பாலபாரதி

ஷாலினி என்ற சிறுமிக்கு ஒரு மரப்பாச்சி பொம்மை கிடைக்கிறது. அது பேசுகிறது. மேஜிக் கதை மாதிரிதான் தொடங்கும். ஆனால், குழந்தைகளிடம் தவறாக நடந்துகொள்ளும் பெரியவர்களைப் பற்றி, பயமுறுத்தாமல், நேராகப் பேசும் நாவல் இது. ‘யார்கிட்ட சொல்றது, எப்படிச் சொல்றது’ என்று உள்ளுக்குள்ளேயே புழுங்கும் யாருக்கும் இது தைரியம் கொடுக்கும். ஏழாவது, எட்டாவது படிக்கிறவங்க அவசியம் படிக்கணும். உங்களுக்கோ, உங்க ஃப்ரெண்டுக்கோ இப்படி ஏதாவது நடந்தால், குழந்தைகள் உதவி எண் 1098. கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம்.

3. அன்பளிப்பு - கு.அழகிரிசாமி

நாவல் படிக்கப் பொறுமை இல்லையா? சிறுகதையில் தொடங்குங்க. புத்தகங்கள் நிறைந்த ஓர் அறை. அதைத் தேடி ஓடிவரும் தெருப் பிள்ளைகள். அந்த அறைக்காரர் புது வருஷத்துக்கு டைரி வாங்கிவந்து, இரண்டு பேருக்கு மட்டும் கொடுக்கிறார். கிடைக்காமல்போன ஒரு பையன் என்ன செய்கிறான் என்பதுதான் கதை. எல்லோருக்கும் டேக் போட்ட போஸ்ட்டில் உங்க பேரை மட்டும் விட்டுட்டாங்கன்னா எப்படி இருக்கும்? அந்த வலியை எப்போதோ எழுதிவெச்சிட்டார். அதே கையோடு ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையையும் படிச்சிடுங்க.

4. என் இனிய இயந்திரா - சுஜாதா

1980-களில் உட்கார்ந்துகொண்டு, 2020-களின் இந்தியாவைக் கற்பனை செய்த நாவல். ஜீவா என்ற தலைவரின் ஆட்சி. பேர்கூட இரண்டு எழுத்துதான் வைத்துக்கொள்ளணும். குழந்தை பெற அரசாங்க அனுமதி வேண்டும். அதற்குள் காணாமல்போன கணவனைத் தேடுகிறாள் நிலா. துணைக்கு ஜீனோ என்ற ரோபோ நாய். சொன்னதைச் செய்யும் இயந்திரம், தானாகப் படித்து, தானாக யோசிக்க ஆரம்பித்தால்? தினமும் ஏ.ஐ-யிடம் ஹோம்வொர்க் கேட்பவர்களுக்கு, ஜீனோவின் ஒவ்வொரு டயலாக்கும் வேறு மாதிரி கேட்கும். பிடித்துப்போனால் ‘மீண்டும் ஜீனோ’ என்று அடுத்த பாகமும் இருக்கு.

5. 18வது அட்சக்கோடு - அசோகமித்திரன்

ஹீரோ சந்திரசேகரன், செகந்திராபாத்தில் ரயில்வே ஊழியரின் மகன். கிரிக்கெட், சைக்கிள், காலேஜ் என்று போகும் வாழ்க்கை. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துவிட்டது. ஆனால் நிஜாமின் ஹைதராபாத் இந்தியாவோடு இன்னும் சேரவில்லை. நேற்று வரை சேர்ந்து விளையாடியவர்கள் இன்று மதத்தின் பெயரால் பிரிந்து நிற்கிறார்கள். 1948 செப்டம்பரில் ராணுவம் நுழையும் வரையிலான பதற்றத்தை, எந்த ஹீரோயிசமும் இல்லாமல் ஒரு டீன் ஏஜ் பையனின் கண்வழியே சொல்கிறார். கடைசிப் பக்கங்களை முடித்ததும் கொஞ்ச நேரம் யாரிடமும் பேசத் தோன்றாது.

6. கருக்கு - பாமா

இது நாவல் என்பதைவிட தன்வரலாறு. வெளியானது 1992-ல். ஊரில் ஒரு பெரியவர் வடைப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கயிற்றைப் பிடித்துத் தூக்கிவருகிறார். அதைப் பார்த்துச் சிரிக்கிறாள் ஸ்கூல் விட்டு வரும் சிறுமி. ஏன் அப்படித் தூக்கினார் என்பது புரிந்ததும் அந்தச் சிரிப்பு கோபமாகிறது. பேச்சுத் தமிழிலேயே எழுதப்பட்டிருப்பதால், பக்கத்தில் உட்கார்ந்து ஓர் அக்கா சொல்வது மாதிரியே இருக்கும். ‘இப்பல்லாம் யாரு சாதி பார்க்குறா?’ என்று கேட்கிற ஃப்ரெண்டுக்கு இதைப் பரிசாகக் கொடுங்க.

7. வெக்கை - பூமணி

‘அசுரன்’ பார்த்தாச்சா? அதன் மூலக்கதை இது. 1982-ல் வந்த நாவல். படத்தில் அப்பா தனுஷ்தான் ஹீரோ. நாவலிலோ கதை 15 வயது சிதம்பரத்தைச் சுற்றித்தான் நடக்கிறது. அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடுகிறான். அப்பாவும் மகனும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரியும் நாள்களில், சமைக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், பேசித் தீர்க்கிறார்கள். பழிவாங்கியதைக் கொண்டாடாமல், ஒரு பையனை அதுவரை தள்ளியது எது என்று கேட்கிறது நாவல். வன்முறை இருப்பதால், பத்தாவதுக்குமேல் படிப்பது நல்லது.

எப்படி ஆரம்பிக்கலாம்?

* 20 பக்கம் படிச்சும் ஒட்டவில்லையா? மூடிவெச்சிட்டு அடுத்ததை எடுங்க. இது எக்ஸாம் இல்ல.
* வாங்கித்தான் படிக்கணும்னு இல்ல. உங்க ஊர்க் கிளை நூலகத்தில் கேட்டுப் பாருங்க. சென்னைக்காரங்களுக்கு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைக்காரங்களுக்கு கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு.
* 5, 6, 7 மூன்றும் மனசைக் கலைக்கும். படிச்சதும் அம்மாவிடமோ, ஃப்ரெண்டிடமோ, தமிழ் டீச்சரிடமோ பேசுங்க. அவங்களையும் படிக்கச் சொன்னா இன்னும் நல்லது.

வீட்டில் கேட்க முடியாத கேள்விகள் இந்த வயசில்தான் அதிகம் வரும். அதே கேள்வியோடு இன்னொருத்தரும் இருந்திருக்கார் என்று தெரிவதே பெரிய ஆறுதல். இந்த வாரம் ஏழில் ஒன்றைத் தேர்ந்தெடுங்க. மொபைலை ஒரு மணி நேரம் சார்ஜில் போட்டுட்டு, முதல் பக்கத்தைத் திறங்க!