நீலகண்ட பிரம்மச்சாரியின் பயணங்களும் பாரத மாதா சங்கமும்

இந்திய விடுதலைப் போராட்ட வரலாற்றில் மணியாச்சி என்னும் ஊர்ப்பெயர் 1911 ஜூன் 17-ஆம் நாளோடு பிரிக்கவியலாதவாறு பிணைந்துவிட்டது. திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ஆஷ் அன்று அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் தம்மையும் மாய்த்துக்கொண்டார். அந்த ஒரு நாளைப் பற்றி எழுதப்பட்டவை பல. ஆனால் அந்நாளுக்கு முன் ஓர் இளைஞர் ஊர் ஊராக அலைந்து, ஆள் ஆளாகச் சேர்த்து, உருவாக்கிய பாரத மாதா சங்கத்தைப் பற்றிய பேச்சு குறைவு. சங்கத்தை வளர்த்தவை அவருடைய பயணங்களே. பின்னர் அச்சங்கத்தை அரசு எளிதில் அறிந்துகொள்ளத் துணைநின்றவையும் அப்பயணங்களே என்பது ஆராயத்தக்கது.

தலைமையற்ற மாவட்டம்

1906-இல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனமும், 1908-இல் தூத்துக்குடி நூற்பாலைத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தமும் நெல்லைச் சீமையைத் தென்னிந்திய அரசியலின் மையமாக்கின. 1908 மார்ச் 12-இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் மூண்ட கிளர்ச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்தது; உயிர்கள் பலியாயின. அவ்வாண்டு ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது குறைக்கப்பட்டதாயினும், வெளிப்படையாக மேடையேறிப் பேசும் காலம் முடிந்துவிட்டது என்னும் எண்ணம் இளைஞரிடையே வேரூன்றியது. மேடை மூடப்பட்ட இடத்தில் இரகசியச் சங்கம் தோன்றுதல் உலக வரலாறு பலமுறை கண்ட உண்மை. நெல்லையும் அதற்கு விலக்கன்று.

ஊர்தோறும் பயணம்

நீலகண்டர் 1889 டிசம்பரில் தஞ்சை மாவட்டம் சீர்காழியை அடுத்த எருக்கூரில் பிறந்தவர். புதுச்சேரியில் ‘சூரியோதயம்’ என்னும் இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றவர். புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்தமையால் ஆங்கில அரசின் கை அங்கு நேராக எட்டவில்லை. ஆயினும் எழுத்து மட்டுமே போதாது என அவர் கருதினார். பிரம்மச்சாரிக் கோலமும் சுதேசிப் பிரசாரமும் துணையாக, சங்கரகிருஷ்ணன் என்னும் தோழருடன் தென் மாவட்டங்களில் அவர் சுற்றத் தொடங்கியபோது வயது இருபதுதான்.

இப்பயணங்களின் வழித்தடம் நோக்கத்தக்கது. தூத்துக்குடியிலிருந்து மணியாச்சி, திருநெல்வேலி, தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைக் கடந்து திருவிதாங்கூரின் புனலூருக்குச் செல்லும் இருப்புப்பாதை 1904-ஆம் ஆண்டளவில் நிறைவுற்றிருந்தது. வணிகத்திற்காகவும் ஆட்சி வசதிக்காகவும் அமைக்கப்பட்ட அதே பாதையை ஒட்டிய ஊர்களில்தான் சங்கத்திற்கு ஆட்கள் கிடைத்தனர். கடை வைத்திருந்தோர், எழுத்தர், நிலம் உடையோர் எனப் பலதரப்பட்டோர் அவர்களுள் இருந்தனர். அந்தணரும் வேளாளரும் ஒரே உறுதிமொழிக்குக் கட்டுப்பட்டனர் என்பது அக்காலச் சமூக நிலையை எண்ணுகையில் சிறிய செய்தியன்று.

உறுதிமொழி

1910 ஏப்ரலில் தென்காசியில் உறுப்பினர் கூடி உறுதிமொழி ஏற்றனர். காளியின் படத்தின் முன், குங்குமம் கரைத்த நீரை வெள்ளையர் குருதியாகப் பாவித்துப் பருகியதும், பெருவிரலைக் கீறி இரத்தக் கையொப்பம் இட்டதும் பின்னர் வழக்கு மன்றத்தில் சாட்சியமாக வெளிப்பட்டன. இச்சடங்கு ஒருவரையொருவர் முன்பின் அறியாத மனிதரை உடன்பிறப்பாக்கும் முயற்சியே ஆகும். குருதி உறவு இல்லாதோரிடையே குருதியாலேயே உறவை எழுதிக்கொண்டனர் எனலாம்.

பிரிந்த வழிகள்

1910 ஜூனில் சங்கரகிருஷ்ணன் தம் மைத்துனரை நீலகண்டருக்கு அறிமுகப்படுத்தினார். திருவிதாங்கூர் வனத்துறையில் எழுத்தராகப் பணியாற்றிய செங்கோட்டை வாஞ்சிநாதனே அவர். அவ்வாண்டின் பிற்பகுதியில் இலண்டனிலிருந்து தப்பிய வ.வே.சு. ஐயர் புதுச்சேரி வந்து சேர்ந்தார். 1911 தொடக்கத்தில் வாஞ்சிநாதன் விடுப்பெடுத்துப் புதுச்சேரி சென்று துப்பாக்கிப் பயிற்சி பெற்றார்.

இங்கே இரு நோக்குகள் பிரிகின்றன. நாடெங்கும் ஒருசேர எழும் கிளர்ச்சிக்கு ஆள் திரட்டுவது நீலகண்டரின் வழி. அதற்குப் பொறுமையும் காலமும் வேண்டும். ஓர் அதிகாரியைக் கொன்று அரசைக் கலங்கச் செய்வது மற்றொரு வழி. தனிமனிதக் கொலையைத் தாம் ஏற்கவில்லை என்றே பிற்காலத்தில் நீலகண்டர் கூறிவந்தார். மணியாச்சியில் துப்பாக்கி வெடித்தபோது அவர் தமிழகத்தில் இல்லை.

வாஞ்சிநாதன் உடலில் கிடைத்த கடிதம், மூவாயிரம் சென்னை மாகாணத்தார் உறுதிபூண்டிருப்பதாக முழங்கியது. அரசு தேடிக் கண்டு வழக்கில் நிறுத்தியதோ 14 பேரை. இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட தொலைவே, நீலகண்டர் கடக்க விரும்பிய, கடக்கும் முன்பே தடுக்கப்பட்ட பயணம்.

வழக்கு மன்றத்தில்

வாஞ்சிநாதன் இல்லத்தில் கிடைத்த கடிதங்கள் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வழிகாட்டின. தர்மராஜ ஐயரும் வெங்கடேசுவர ஐயரும் காவலர் கையில் அகப்படாமல் உயிர் நீத்தனர். ஒட்டப்பிடாரம் மாடசாமி மறைந்தவர் திரும்பவேயில்லை. ஆறுமுகம் பிள்ளையும் சோமசுந்தரம் பிள்ளையும் அப்ரூவர்களாகி அரசுத் தரப்பில் சாட்சி கூறினர். அவர்தம் வாக்குமூலங்களில் நீலகண்டர் எவ்வூருக்கு எப்போது வந்தார், யாரைக் கண்டார் என்பதே முதன்மைச் செய்தியாயிற்று. எல்லா ஊரையும் அறிந்தவர் ஒருவரே ஆதலின், எல்லா ஊரும் அறிந்தவரும் அவரே ஆனார். ஒரு தனிமனிதரின் கால்களை நம்பி நிற்கும் இயக்கத்தின் வலிமையும் ஆபத்தும் இதுவே.

1911 ஜூலையில் கல்கத்தாவில் கைதான நீலகண்டர் வழக்கின் முதல் எதிரியாக நிறுத்தப்பட்டார். சென்னை உயர்நீதிமன்றத்தின் மூவர் அமர்வு வழக்கை விசாரித்தது. 1912 பிப்ரவரி 15-இல் வெளியான தீர்ப்பில் ஒன்பதின்மர் தண்டிக்கப்பட்டனர். ஐவர் விடுதலை பெற்றனர். நீலகண்டருக்கு 7 ஆண்டுக் கடுங்காவல். சங்கரகிருஷ்ணனுக்கு 4 ஆண்டு. மடத்துக்கடைச் சிதம்பரம் பிள்ளைக்கு 2 ஆண்டு. கொலை நடந்த இடத்தில் இல்லாதவரே மிகுதியான தண்டனை பெற்றார். துப்பாக்கியைவிட ஆள் திரட்டும் பயணமே தனக்குப் பெரிய ஆபத்து என அரசு மதிப்பிட்டதை இது காட்டுகிறது.

பிற்கால வாழ்வு

1914-இல் பெல்லாரிச் சிறையிலிருந்து தப்பி, விரைவிலேயே மீண்டும் பிடிபட்டார். 1919-இல் விடுதலையானார். 1921 செப்டம்பரில் பாரதியாரின் இறுதி இரவில் உடனிருந்த மிகச் சிலருள் அவரும் ஒருவர். 1922-இல் பொதுவுடைமைச் சார்பான அரசியலால் மீண்டும் சிறை புகுந்து, 1930-இல் வெளிவந்தார். பின்னர்த் துறவு பூண்டு, கருநாடகத்தின் நந்தி மலையடிவாரத்தில் ஓங்காரர் என்னும் பெயருடன் வாழ்ந்து, 1978 மார்ச்சில் மறைந்தார். விடுதலை பெற்ற இந்தியாவில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தும், புகழை நாடி அவர் எங்கும் செல்லவில்லை.

மணியாச்சி நிலையம் இன்று வாஞ்சியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அது தக்கதே. ஆயினும் அந்நிலையத்திற்கு இருபுறமும் நீளும் பாதையில் இருபது வயதில் பயணம் செய்து, மனிதரை மனிதரோடு இணைத்தவரின் பெயரும் அதனோடு சேர்த்து நினைக்கப்படுதல் வேண்டும். செயலை மட்டும் போற்றி, அதற்கு முன் நிகழ்ந்த உழைப்பை மறக்கும் வரலாறு நிறைவுடையதாகாது.